முதல் பந்து விருந்தினருக்கு

ஒருவரைக் கௌரவிக்க வந்த மனிதர் அவருடைய விரலை முறித்துவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டால், அதை விபத்து என்று சொல்லிவிட முடியுமா? பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கல்லூரி மைதானத்தில், ஈரத் துணியில் சுற்றிய ஒரு கையை என் கைகளில் தாங்கியபடி நின்றபோது இந்தக் கேள்வி எழுந்தது. முடியாது என்று இன்று உறுதியாகச் சொல்வேன். அன்று சொல்வதற்கு எனக்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது.

நான் திண்டுக்கல்காரி. சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, அங்கே பார்வையற்ற பெண்களுக்கான விடுதி ஒன்றில் வேலை செய்கிறேன். அமலி அந்த விடுதியில் தங்கி வரலாறு படித்தவள். பிறவியிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. எங்கள் மாவட்டத்தின் பார்வையற்றோர் கிரிக்கெட் அணியில் அவள்தான் முதலில் இறங்கும் மட்டையாளர். மாநில மகளிர் அணிக்கான தேர்வு ஆட்டங்கள் மூன்று நாள் சென்னைப் புறநகரில் நடக்கின்றன என்று தகவல் வந்தது. அவளுடைய அண்ணன் ஒரு நிபந்தனையோடு அனுப்பிவைத்தான்: இந்த முறை அணியில் இடம் கிடைக்காவிட்டால் விளையாட்டு போதும், வீட்டில் இருக்க வேண்டும். துணைக்கு நான் போனேன்.

விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருமுறை அவளிடம் கேட்டிருந்தேன். "வீட்டுல நான் தடுக்கி விழுந்தா தெருவே கூடிரும்க்கா. கிரவுண்டுல விழுந்து பந்தத் தடுத்தா கைதட்டுவாங்க. என்னைப் பார்த்து 'விழு'ன்னு கத்துற ஒரே இடம் அதுதான்" என்றாள். பிறந்ததிலிருந்து 'பார்த்து', 'மெதுவா', 'உக்காரு' என்ற மூன்று சொற்களுக்குள் அடைத்து வைக்கப்பட்ட ஒருத்தி இதைச் சொல்லும்போது, விளக்கம் கேட்க வேறொன்றும் மிச்சமில்லை.

நகருக்குள் நுழைந்த மாலையில் எங்கள் பேருந்து பாடி மேம்பாலத்தின் அருகே வெகுநேரம் அசையாமல் நின்றது. இரண்டு பக்கமும் லாரிகள்; ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளர்கள் அவற்றின் இடுக்குகளில் புகுந்து நடந்தார்கள். அமலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தாள். "நம்ம ஊருக்குள்ள வந்தா தோல் வாசம். இங்க இரும்பு வாசம். ஊர் வந்திருச்சுன்னு சொல்ல யாரும் வேணாம்" என்றாள்.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் அவளுடைய பெரியம்மா மகள் ஸ்டெல்லாவின் அடுக்ககத்தில் தங்கினோம். அந்தக் கட்டடத்தில் தஞ்சாவூர், தூத்துக்குடி, சேலம் என்று தமிழ்நாடு முழுவதும் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருந்தது. லிஃப்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. காலையில் ஸ்டெல்லா கடையிலிருந்து இட்லியும் வடகறியும் வாங்கிவந்தாள். வடையை உடைத்துக் குழம்பில் போடும் இந்த ஏற்பாட்டை எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அமலி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "இவங்க பழைய வடைய வீணாக்காத கெட்டிக்காரங்க" என்று சான்றிதழும் வழங்கினாள்.

தெருமுனையிலிருந்து பெரிய சாலை வரை புதிய நடைபாதை. பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் உணர்ந்து நடப்பதற்கான கோடு போட்ட மஞ்சள் ஓடுகளை அதன் நடுவே பதித்திருந்தார்கள். எங்கள் ஊரில் இல்லாத வசதி என்று மகிழ்ந்து, அமலியை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். சிறிது தூரத்தில் அந்த மஞ்சள் ஓடுகள் நேராகப் போய் ஒரு மின்மாற்றிப் பெட்டியில் முட்டி நின்றன. கோல் அதில் இடித்த ஓசையைக் கேட்டு நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். ஓடு பதித்தவருக்குக் கண் இருந்தது. பெட்டி வைத்தவருக்கும் இருந்தது. பயணத்தின் முதல் கோபம் எனக்கு அங்கேதான் வந்தது. அமலிக்கு வரவில்லை. அவள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதுதான் பஸ் ஸ்டாப்பாக்கா?" என்று கேட்டாள்.

பேருந்தில் கிரிக்கெட் பையோடு ஏற இடமில்லாததால் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும்.

"இன்னாக்கா மூட்டை இது? பேட்டா? நீ இன்னா, ஸ்பின்னா ஃபாஸ்ட்டா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் இல்லைங்க. இவங்கதான் ஆடறாங்க."

அவர் கண்ணாடியில் அமலியின் கறுப்புக் கண்ணாடியையும் கையிலிருந்த கோலையும் பார்த்தார். "சும்மா கலாய்க்காதக்கா. கண்ணு தெர்லன்னா பால் எப்டி தெரியும்?"

"உள்ள சின்னச் சின்ன இரும்புக் குண்டு போட்டிருப்பாங்கண்ணே. உருண்டா சத்தம் வரும். சத்தத்த அடிக்கணும்" என்றாள் அமலி.

"அட்ரா சக்க! ஒரு செகண்டு நானும் கண்ண மூடிகினு ஓட்டிப் பாக்கட்டா?"

"ஐயோ அண்ணே, வண்டிக்கு ஒரு ஆள் போதும்!"

ஆட்டோவே சிரித்தது. குமணன்சாவடியில் மெட்ரோ தூண்களின் அடியில் எங்களை இறக்கிவிட்டபோது, "செஞ்சுரி அடிச்சுகினு வா தங்கச்சி" என்று சொன்னார். அந்த மூன்று நாளில் அமலியிடம் நேராகப் பேசிய பார்வையுள்ள மனிதர்களில் அவர் முதன்மையானவர்.

மைதானத்தில் தேவி எங்களுக்காகக் காத்திருந்தாள். ஆவடிக்காரி, ஓரளவு பார்வை உண்டு. முற்றிலும் பார்வையற்ற மட்டையாளருக்குப் பதிலாக வேறொருவர் ஓடலாம் என்பது இந்த ஆட்டத்தின் விதி. தேர்வுக்காகப் பல மாவட்டத்தவரைக் கலந்து அமைத்த அணியில் அமலிக்காக ஓடுபவள் தேவி. இருவரும் முந்தைய ஆண்டு ஒரு முகாமில் பழகியவர்கள். "வந்துட்டியா மச்சி! நீ அடி, ஓடறத நான் பாத்துக்கறேன். உன் ரன்னெல்லாம் என் காலு" என்று தேவி அவளைக் கட்டிக்கொண்டாள்.

இந்த ஆட்டத்துக்கு மிக அவசியமானது அமைதி. பந்துவீச்சாளர் "ரெடி?" என்று கேட்க வேண்டும். மட்டையாளர் "யெஸ்" என்று சொன்ன பிறகு, "ப்ளே" என்று அறிவித்து, கையைத் தாழ்த்திப் பந்தைத் தரையில் உருட்டிவிட வேண்டும். தரையில் உருளும் பந்துதான் பேசும். காற்றில் பறக்கும் பந்து ஏறக்குறைய ஊமை. இது தெரியாமல் யாரும் இந்த ஆட்டத்தை நடத்த முடியாது. ஆனால் தொடங்கி வைக்க முடியும் போலிருக்கிறது.

தொடக்க விழாவின் சிறப்பு விருந்தினர் வீட்டுமனை விற்கும் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர். மூன்று நாள் சாப்பாடும், வீராங்கனைகளின் தங்குமிடமும் அவருடைய உபயம். ஒலிபெருக்கிகள் ஆடுகளத்தை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. செண்டை மேளம் வந்திருந்தது. பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பொன்னாடைகள் போர்த்தி, உரைகள் நிகழ்த்தி முடித்ததும், எங்கள் பக்கத்துக் கிரிக்கெட் பந்தயங்களில் எல்லா இடத்திலும் நடப்பது இங்கும் நடந்தது: முதல் பந்து விருந்தினருக்கு. புகைப்படத்துக்காக மட்டை பிடிக்க ஒருவர் வேண்டும் என்று அமலியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

விருந்தினர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் அவர் புகழ் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் பார்த்த வீரர்களைப் போல ஓடிவந்து, கையைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தார். பந்து தரையில் படாமல் நேராக வந்தது. மட்டையின் பிடியில் இருந்த அமலியின் வலக்கை விரல்களில் பட்டது.

"வருங்கால வீராங்கனைக்கு ஒரு பலத்த கரகோஷம்!" என்றது ஒலிபெருக்கி.

மேடையும் பந்தலும் கைதட்டின. செண்டை முழங்கியது. அமலி மட்டையைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டிருந்தாள். தேவியின் குரல் மட்டும் அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது: "யோவ்! கேக்காம போடுறியே, இன்னா ஆளுய்யா நீ!" அவளைப் போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் இழுத்துப் போனார். விருந்தினர் கையசைத்தபடி காருக்குப் போனார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால், தாம் செய்தது என்னவென்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது. அதை நான் இன்றும் அவர் பக்கத்து நியாயமாக ஏற்பதில்லை.

பூந்தமல்லியில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என்னிடம், "அவங்களுக்கு வலி ரொம்ப இருக்கா?" என்று கேட்டார்.

"சார், எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றாள் அமலி.

மோதிர விரலில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டார். குறைந்தது ஆறு வாரம் மட்டையைத் தொடக் கூடாது; தொட்டால் விரல் கோணலாகக் கூடிவிடும் என்று எச்சரித்தார். கோவில்பதாகை வந்து மாடிப்படி ஏறும்போது, "அண்ணன்கிட்ட நீங்க சொல்லாதீங்கக்கா. நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் மைதானத்துக்குப் போனபோது செயலாளர் என்னைத் தனியே அழைத்தார். அவர் கெட்டவர் அல்ல. பல ஆண்டுகளாகத் தம் சொந்த வேலையைக் கெடுத்துக்கொண்டு இந்தப் போட்டிகளை நடத்திவருபவர். பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்ததற்கே அவர்தான் காரணம்.

"மேடம், இத பெருசாக்காதீங்க. நேத்து ராத்திரியே அவர்கிட்டருந்து போன். அந்தப் பொண்ணு கத்துச்சாமேன்னு கேக்கறார். நாளைக்கு பரிசளிப்புக்கு அவர் வரலன்னா அடுத்த வருஷம் டோர்னமெண்டே கிடையாது. வேற எவன் குடுப்பான் சொல்லுங்க? ஒரு விரலுக்காக இத்தன பொண்ணுங்க வீட்ல உக்காரணுமா?"

எனக்குக் கோபம் நிறைய இருந்தது. புகார் செய்தால் என்ன ஆகும், மௌனமாக இருந்தால் என்ன ஆகும் என்று மரத்தடியில் உட்கார்ந்து எடைபோட்டேன். ஒரு பக்கம் அமலி. மறுபக்கம் விழுப்புரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்திருக்கும் பெண்கள். ஆண்டுக்கு ஒருமுறை இங்கே வந்து ஓடிவிட்டு, மறுபடி வீட்டு மூலைக்குப் போகிறவர்கள். தராசு எந்தப் பக்கமும் இறங்கவில்லை. அமலி அருகே வந்து அமர்ந்தபோது செயலாளர் சொன்னதை அவளிடம் சொன்னேன். பேசாமல் இருப்பது பலருக்கு நல்லதாக இருக்கலாம் என்றும் சொன்னேன்.

"யாரு முடிவு பண்றது?" என்று கேட்டாள்.

"அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்."

"நீங்க எதுக்குக்கா யோசிக்கணும்? வெரல் என்னுது. டோர்னமெண்ட் அவளுகளுது. எங்ககிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

நேற்று ஒருவர் கேட்காமல் பந்தை எறிந்தார். இன்று நானும் செயலாளரும் மரத்தடியில் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். அது உறைத்த வேகத்தில் எழுந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணி வந்தது. சீரகச் சம்பாவில் வளர்ந்த நாக்குக்கு இந்த நீள அரிசியும், கூட வரும் கத்திரிக்காய்த் தொக்கும் அந்நியமானவை. பிரட் அல்வா மட்டும் ஆறுதல். அமலிக்கு நான் ஊட்ட முயன்றேன். அவள் இடக்கையில் கரண்டி வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டபடியே அந்தக் கூடம் முழுவதும் கேட்கும்படி பேசினாள்.

"எல்லாரும் கேளுங்கடி. நாளைக்கு அந்த ஆள் திரும்ப வர்றாரு. மைக், மேளம் எல்லாம் வரும். நாளைக்கு நான் ஆடணும். கைல கட்டோட ஒரே ஒரு தடவ எறங்கிப் பாக்கணும். செலக்டருங்க நான் ஆடி இன்னும் பாக்கல. சத்தம் இருந்தா எனக்குப் பந்து கேக்காது. சத்தத்த நிறுத்தச் சொன்னா அவருக்குக் கோவம் வரும். அடுத்த வருஷம் போட்டி இல்லாமப் போகலாம். நெசமாவே போகலாம். சொல்லவா, வேணாமா?"

ஒரு பெண், "எங்க வீட்ல இதுக்கு விடுறதே பெரிய விஷயம். போட்டி இல்லன்னா நான் எங்க போவேன்?" என்றாள். அந்தக் குரலில் பயம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. இன்னொருத்தி, சோறு போட்டவரைப் பகைப்பது சரியில்லை என்றாள்.

தேவி கையைக் கழுவிவிட்டு வந்தாள். "தோ பாரு. சோறு போட்டாரு, ஒத்துக்கறேன். கும்புட்டுக்கறேன். அதுக்காண்டி அவுரு வந்தா நாம பொம்ம மாறி நிக்கணுமா? நம்ப மேட்ச்சுக்கு நாமளே வேடிக்க பாக்க வந்த மாறி கீது. அடுத்த வருசம் கூலுதான்னாலும் குட்ச்சுகினு ஆடலாம். காது அடச்சுகினு ஆட முடியுமா?"

கைகளை உயர்த்தச் சொன்னால் எண்ண முடியாது என்பதால், சம்மதிப்பவர்கள் மேசையைத் தட்டும்படி அமலி சொன்னாள். முதலில் ஓரிரண்டு, பிறகு கூடம் அதிர்ந்தது. தட்டாதவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை.

அன்றிரவு மருத்துவரின் எச்சரிக்கையை அமலிக்கு மறுபடி நினைவூட்டினேன். விரல் கோணலானால் பின்னாளில் மட்டையையே பிடிக்க முடியாமல் போகலாம் என்றும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "தெரிஞ்சுதான்க்கா ஆடறேன்" என்றாள். அதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் நாள் காலை விருந்தினரின் கார் மைதானத்துக்குள்ளேயே வந்தது. செண்டை தொடங்கியது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்துபோய், ஆடுகளத்தின் நடுவில் உட்கார்ந்தார்கள். முழக்கம் எதுவும் எழுப்பவில்லை. செயலாளர் ஓடினார், கெஞ்சினார், கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்கதான் தூண்டிவிட்டீங்க" என்றார். பார்வையற்ற பெண்கள் தாங்களாகவே கோபப்படக்கூடும் என்பதை அவராலும் நம்ப முடியவில்லை.

விருந்தினர் ஆடுகளம் வரை வந்தார். அவரைக் கண்டு மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். "என்னம்மா, பாவம், ஏன் வெயில்ல உக்காந்திருக்கீங்க?" என்றார். அதற்குள் யாரோ அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்கள். அமலியின் கைக்கட்டைப் பார்த்தார். முகம் சற்று மாறியது. "தெரியாம நடந்துடுச்சும்மா. இந்த கேமுக்கு இப்படி ரூல் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கறேன்."

அமலி எழுந்து நின்றாள். "செலவு வேணாம் சார். தெரியாதுன்னா கேக்கணும். ரோட்டத் தாண்டக்கூட நாங்க கேட்டுத்தான் தாண்டுறோம். எங்களுக்கு அது அசிங்கமா இல்ல. உங்களுக்கு ஏன் சார் கேக்க வரல?"

அவர் செயலாளரின் பக்கம் திரும்பி, "நல்ல மரியாதைய்யா" என்றார்.

"மைக்க நிறுத்தச் சொல்லுங்க. நீங்க பந்தல்ல உக்காந்து பாருங்க, சந்தோசம். கிரவுண்டுக்குள்ள வேணாம்" என்றாள் அமலி.

அவர் பந்தலில் உட்காரவில்லை. கார் போனது, பின்னாலேயே மேளக்காரர்களின் வேனும் போனது. சிறிது நேரத்தில் அவருடைய ஆட்கள் வந்து பதாகையை அவிழ்த்தார்கள். ஒலிபெருக்கிகளும் அவர் அமர்த்தியவை என்பதால் அவையும் இறங்கின. மதியச் சாப்பாடு வரவில்லை. தேவியின் தெருக்காரர்கள் சிலர் ஆவடியிலிருந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைக் கொண்டுவரப் பிற்பகல் ஆகிவிட்டது. பசியில் இரண்டு பெண்கள் அமலியோடு பேசவில்லை. அதுவும் நடந்தது; எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஆனால் ஆட்டம் நடந்தது. எல்லையோரம் நின்றவர்களுக்கும் பந்து உருளும் ஓசை கேட்டது. அமலி இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள். குனிந்து, ஒரு முழங்காலை ஊன்றி, மட்டையைத் தரையோடு தரையாக வீசுவதுதான் அவளுடைய அடி. முதல் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவது பட்டது, வலியில் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுத் தேவி பாதியில் நின்றாள். "ஓடுடி! கால் உன்னுதுதானே!" என்று அமலி கத்தினாள். சிரித்துக்கொண்டே தேவி ஓடினாள். அமலி நான்கு ஓவர் நின்றாள். பிறகு பந்து இரும்பு ஸ்டம்பில் பட்டு ஒலித்தது. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், அணியினரின் குரல் வந்த திசை நோக்கி நடந்தாள்.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். அமலியின் பெயர் இல்லை. நான் தேர்வாளரிடம் போய்க் கேட்டேன். "நல்ல பிளேயர். அடுத்த மாசம் நேஷனல்ஸ். உடைஞ்ச விரலோட ஒருத்தர எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்றார். அது நியாயமான காரணம். என் கோபம் இன்னும் ஆறாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். அவளை வெளியேற்றியவரிடம் குற்றம் இல்லை. குற்றம் செய்தவருக்கு எந்த இழப்பும் இல்லை.

ஊர் திரும்பும் ரயிலில் அமலியே அண்ணனை அழைத்தாள். "கெடைக்கல. வெரல் ஒடஞ்சிருச்சு. அடுத்த வருசமும் போவேன். இல்ல, உன்னக் கேக்கல, சொல்றேன்." அவன் என்னவோ கத்துவது எனக்கே கேட்டது. அவள் போனை அணைத்துவிட்டு ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாள்.

விரல் சற்றுக் கோணலாகத்தான் கூடியது. அடுத்த ஆண்டு உபயதாரர் யாரும் முன்வரவில்லை. போட்டி ஒரே நாளாகச் சுருங்கி, ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. தூரத்து மாவட்டங்களிலிருந்து பலரால் வர முடியவில்லை. அமலி வந்து ஆடினாள். ஒலிபெருக்கி வைக்கவில்லை. முதல் பந்தைத் தேவி வீசினாள்.